அடுத்த பணிப்பாளர் யார்? அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு நிருவாகமும் ஆதரவாளர் ஊகங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெரும் பல்கலைக்கழகமொன்றில் விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் பதவி வெற்றிடமாகும்போது, அச்செய்தி அப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அடங்கிவிடுவதில்லை. பழைய மாணவர், நன்கொடையாளர், பருவகாலச் சீட்டு வாங்குவோர், அப்பல்கலைக்கழகத்தில் ஒரு நாளேனும் கல்லாத ஊர்மக்கள் ஆகிய யாவரும் அடுத்து வரப்போகிறவர் யார் என ஊகிக்கத் தொடங்கிவிடுகின்றனர். பெயர்ப்பட்டியல்கள் தோன்றுகின்றன. ஒருவருடைய மௌனம் சம்மதமாகவும், மற்றொருவருடைய மறுப்பு பேரம்பேசலாகவும் பொருள் கொள்ளப்படுகின்றன. தனியார் விமானமொன்று எந்நகரில் இறங்கிற்று என்பதுகூடச் சான்றாக எடுத்தாளப்படுகின்றது. உடற்கல்விப் பிரிவின் தலைவர் மாறுவதை அறிவித்தற் பலகையில் மட்டுமே அறிந்து பழகிய இலங்கைப் பல்கலைக்கழக மாணவருக்கு இப்பரபரப்பு வியப்பளிக்கலாம்.

இவ்வூகங்களை வேலையற்றோரின் வீண்பேச்சு என ஒதுக்கிவிடுவோர் உளர். ஆயின், அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டின் வரலாற்றை நோக்குமிடத்து, அவற்றின் பின்னால் நெடியதோர் உரிமைப் போராட்டம் மறைந்திருப்பதைக் காணலாம். மாணவருக்குச் சொந்தமாயிருந்த விளையாட்டு எவ்வாறு பழைய மாணவர் கைக்கும், பின்னர் சம்பளம் பெறும் நிருவாகியின் கைக்கும் மாறிற்று என்பதே அவ்வரலாறு. வாக்குரிமை இல்லாதவன் கைக்கொள்ளும் வாக்குச்சீட்டாகவே ஊகம் அமைகின்றது. அவ்வாக்குச்சீட்டின் வலிமை எத்தகையது, அதன் வரம்பு யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாணவர் கையிலிருந்த விளையாட்டு

1852 ஆம் ஆண்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வினிப்பசாக்கி ஏரியில் ஹாவார்ட், யேல் மாணவரிடையே நடைபெற்ற படகோட்டப் போட்டியே அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான முதல் விளையாட்டுப் போட்டியாகக் கொள்ளப்படுகின்றது. அதனை ஊக்குவித்தது ஒரு புகையிரதக் கம்பனி என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பிரயாணிகளைத் தன் பாதைக்கு ஈர்ப்பதே அதன் நோக்கமாயிருந்தது. வணிகம் பிற்காலத்தில் வந்து புகுந்த மாசு என்று கூறுவோர் இத்தொடக்கத்தை மறந்துவிடுகின்றனர்.

1869 நவம்பர் 6 ஆம் திகதி நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் அணிகள் உதைபந்தாட்டத்தில் மோதின. ரட்கர்ஸ் 6-4 என வென்றது. அன்றைய ஆட்டம் பின்னர் வளர்ந்த அமெரிக்க உதைபந்தாட்டத்தினின்று பெரிதும் வேறுபட்டது. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம், றகர் விதிகளைத் தழுவியே பின்னர் உருவாயிற்று. இக்காலத்தில் அணித்தலைவரைத் தெரிவுசெய்தோர் மாணவர். போட்டிகளை ஒழுங்குசெய்தவரும் கணக்கை வைத்திருந்தவரும் மாணவ முகாமையாளரே. பேராசிரியர்கள் பெரும்பாலும் விலகி நின்றனர்.

ஆனால் பார்வையாளர் பெருக, நுழைவுக் கட்டணமும் பெருகிற்று. ஆண்டுதோறும் மாறும் மாணவனால் நிருவகிக்க இயலாத பெருந்தொகை சேர்ந்தபோது பழைய மாணவர் உள்ளே வந்தனர். யேலில் வால்ட்டர் காம்ப் என்னும் பழைய மாணவர், ஆட்டவிதிகளை வகுத்ததோடு நிதியையும் தம் மேற்பார்வையில் வைத்திருந்தார். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அங்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் டொலர் சேமநிதி இருந்தமை வெளிப்பட்டபோது பலரும் அதிர்ச்சியுற்றனர். மாணவர் பெயரால் சேர்ந்த செல்வம் மாணவர் அறியாதவாறு பெருகியிருந்தது. உரிமை கைமாறியதன் முதற் படி இதுவெனலாம்.

பணிப்பாளர் பதவியின் தோற்றம்

இரண்டாவது படியைச் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் காணலாம். 1892 இல் அதன் முதல் தலைவரான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், அமோஸ் அலன்சோ ஸ்டாக் என்பவரை உடற்பயிற்சி, விளையாட்டுத்துறைக்குப் பணிப்பாளராகவும் ஆசிரியர் குழாத்தின் உறுப்பினராகவும் நியமித்தார். விளையாட்டைப் பல்கலைக்கழக அமைப்பினுள் முறையான துறையாக்கிய இந்நியமனம் பிற நிறுவனங்களுக்கு முன்மாதிரியாயிற்று. பயிற்றுநர் மாணவருக்கோ பழைய மாணவருக்கோ கடமைப்பட்டவரல்லர், பல்கலைக்கழகத் தலைவருக்கே கடமைப்பட்டவர் என்னும் கோட்பாடு இதனால் நிலைபெறலாயிற்று.

1905 ஆம் ஆண்டில் ஆடுகள மரணங்கள் நாடளாவிய கண்டனத்தை எழுப்பின. அவ்வாண்டு ஒக்டோபரில் சனாதிபதி தியோடோர் ரூஸ்வெல்ட் ஹாவார்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அந்நெருக்கடியின் விளைவாக 1906 இல் உருவான சங்கமே 1910 இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஒழுங்குமுறைகள் பெருகியபோது அவற்றைச் செயற்படுத்த நிரந்தர அதிகாரி ஒருவர் தேவைப்பட்டார். பணிப்பாளர் பதவி நாடெங்கும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆயினும் கட்டுப்பாடு யாருக்கு என்னும் வினா தீர்ந்துவிடவில்லை. ஆசிரியர் கட்டுப்பாட்டை வலியுறுத்திய மேற்கு மாநாடு என்னும் கூட்டமைப்பிலிருந்து மிச்சிகன் பல்கலைக்கழகம் 1907-08 காலப்பகுதியில் விலகிற்று. 1917 இலேயே மீண்டும் இணைந்தது. கூட்டமைப்பின் கட்டுப்பாடுகளை மாணவரும் பழைய மாணவரும் விரும்பாமையே பிரிவுக்கு அடிப்படையாயிருந்தது. பொதுமக்களின் விருப்பம் பல்கலைக்கழகக் கொள்கையையே வளைக்க வல்லது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

வாக்கில்லாப் பங்காளர்

முதலாம் உலகப் போருக்குப் பின்னர் பெரும் விளையாட்டரங்குகள் எழுந்தன. மிச்சிகனின் பணிப்பாளரான பீல்டிங் யோஸ்ட் 1927 இல் திறந்த அரங்கிற்கு, 500 டொலர் பெறுமதியுடைய 3,000 பிணைமுறிகளைப் பொதுமக்களுக்கு விற்று நிதி திரட்டினார். முறி வாங்கியோருக்கு வட்டியும் ஆசனச்சீட்டு வாங்கும் வாய்ப்பும் கிடைத்தன. நிருவாகத்தில் குரல் கிடைக்கவில்லை. ஆதரவாளர் பொருளால் பங்காளர், அதிகாரத்தால் அந்நியர் என்னும் முரண்பாட்டிற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1929 இல் வெளிவந்த கார்னகி மன்றத்தின் அறிக்கை, பல கல்லூரிகளில் வீரர்களுக்கு மறைமுகமாக உதவிப் பணம் வழங்கப்பட்டதையும் அதிற் பழைய மாணவரின் பங்கையும் அம்பலப்படுத்திற்று. எனினும் நிலைமை பெரிதும் மாறவில்லை. சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் செல்வந்த ஆதரவாளர் வீரர்களுக்குப் பணம் வழங்கியமை காரணமாக, 1987 ஆம் ஆண்டின் உதைபந்தாட்டப் பருவம் முழுவதையும் தேசியச் சங்கம் தடைசெய்தது. அதற்கு முன்னரே அங்குப் பணிப்பாளர் பதவி விலகியிருந்தார். நிருவாகத்தில் இடமற்ற செல்வம் பின்வாயிலால் நுழையும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. சிக்காகோவில் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், எழுபது வயதை எட்டிய ஸ்டாக்கை 1932 உடன் ஓய்வுபெறச் செய்தார். 1939 இல் உதைபந்தாட்டத்தையே நிறுத்திவிட்டார். ஆதரவாளரின் விருப்பை மீறிப் பல்கலைக்கழகம் தன் நோக்கத்தை நிலைநாட்டிய அரிய தருணம் அது. ஏனைய பெரும் பல்கலைக்கழகங்கள் அவ்வழியைப் பின்பற்றவில்லை.

1984 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், தொலைக்காட்சி ஒளிபரப்பின் மீது தேசியச் சங்கம் கொண்டிருந்த ஏகபோகத்தைச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகங்களும் அவற்றின் கூட்டமைப்புகளும் ஒளிபரப்பு உரிமையைத் தாமே விற்கத் தொடங்கின. பணிப்பாளர் பதவி இதனால் முற்றிலும் உருமாறிற்று. முன்னைய பணிப்பாளர் பெரும்பாலும் முன்னாட் பயிற்றுநர். பின்னையவர் நிதி திரட்டுபவர், ஒப்பந்தக்காரர், பயிற்றுநரை நியமிப்பவர், நீக்குபவர். அவரைத் தேடும் பணியும் ஆள்தேடும் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்படலாயிற்று. வேறிடத்திற் பதவி வகிப்பவர் தாம் விண்ணப்பித்தமை வெளிப்படுவதை விரும்பார். ஆதலால் தேடல் இரகசியமாகின்றது. இரகசியம் எங்குளதோ அங்கு ஊகம் முளைத்தல் இயல்பு.

இவ்வூகங்களில் மீண்டும் மீண்டும் நான்கு வகையினரின் பெயர்கள் அடிபடுவதைக் காணலாம். முன்னாள் வீரராகிய ‘நம்மவர்’ முதல்வகையினர். சிறிய பல்கலைக்கழகமொன்றிற் பெயரெடுத்து மேலேற முயலும் பணிப்பாளர் இரண்டாம் வகையினர். வணிக உலகின் தலைவர் மூன்றாம் வகையினர். நிருவாகத்தினுள்ளேயே இருக்கும் துணைப் பணிப்பாளர் நான்காம் வகையினர். இந்நால்வருள் முதல்வரையே ஆதரவாளர் பெரிதும் நாடுவர். அவர் வருகையில் தாம் இழந்த உரிமை மீள்வதாக அவர்கள் கருதுவதே இதற்குக் காரணமாகும்.

மிச்சிகன்: ‘நம்மவர்’ என்னும் அளவுகோல்

மிச்சிகனில் 1968 முதல் 1988 வரை பணிப்பாளராயிருந்த டொன் கான்ஹம் விளம்பரம், நினைவுப்பொருள் விற்பனை ஆகியவற்றால் அரங்கை நிரப்பிய முன்னோடி. 1975 முதல் அங்கு ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இலட்சத்திற்கு மேற்பட்டோர் கூடுவது நீண்டகால வழக்கமாயிற்று. அவருக்குப்பின் பணிப்பாளரான பயிற்றுநர் போ ஷெம்பெக்லர், 1989 இல் வேறொரு பல்கலைக்கழகத்திற்குச் செல்ல ஒப்புக்கொண்ட கூடைப்பந்தாட்டப் பயிற்றுநரை உடனே விலக்கி, மிச்சிகனை மிச்சிகன் மனிதரே பயிற்றுவிப்பார் என்ற கருத்துப்பட உரைத்தார். துணைப் பயிற்றுநரிடம் ஒப்படைக்கப்பட்ட அணி அவ்வாண்டே தேசிய வாகையைச் சூடிற்று. அன்றுமுதல் ‘மிச்சிகன் மனிதர்’ என்பது ஒவ்வொரு நியமன ஊகத்திலும் அளவுகோலாயிற்று.

2010 இல் நியமிக்கப்பட்ட டேவ் பிராண்டன் அவ்வளவுகோலுக்கு முற்றிலும் பொருந்தியவர். ஷெம்பெக்லரின் கீழ் ஆடியவர். பல்கலைக்கழக ஆளுநர் சபையில் அமர்ந்தவர். டொமினோஸ் பீட்சா நிறுவனத்தின் தலைமை நிறைவேற்று அதிகாரியாக விளங்கியவர். நம்மவரும் வணிகத் தலைவரும் ஒருவரிடத்தே இணைந்திருந்தனர். ஆயினும் நான்கே ஆண்டுகளில் ஆதரவாளரின் சினத்திற்கு இலக்கானார். சீட்டு விலை உயர்ந்தது. மாணவர் ஆசன ஒழுங்கு மாற்றப்பட்டது. மாணவர் பலர் சீட்டு வாங்குவதைக் கைவிட்டனர். அணியும் தோல்விகளைக் கண்டது.

2014 செப்டெம்பர் 27 ஆம் திகதி மினசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தில், தலையில் அடிபட்டுத் தள்ளாடிய இளம் வீரர் ஒருவர் மீண்டும் ஆடுகளத்திற்கு அனுப்பப்பட்டார். மூளையதிர்வு ஏற்பட்டிருக்கலாம் என்பதை நிருவாகம் காலந்தாழ்த்தி, நள்ளிரவிற்குப் பின் வெளியிட்ட அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது. செப்டெம்பர் 30 ஆம் திகதி மாணவர் பெருந்திரளாகக் கூடிப் பல்கலைக்கழகத் தலைவரின் இல்லம் வரை ஊர்வலம் சென்றனர். பணிப்பாளரை நீக்கக் கோரும் மனுவிற் பல்லாயிரவர் கையொப்பமிட்டனர். அடுத்த ஆண்டிற்கான மாணவர் பருவகாலச் சீட்டு 295 டொலரிலிருந்து 175 டொலராகக் குறைக்கப்படும் என்னும் அறிவிப்பு அக்கொந்தளிப்பைத் தணிக்கவில்லை. முறையிட்ட ஆதரவாளருக்கு அவர் எழுதிய கடுமொழிகளும் வெளிப்பட்டன. ஒக்டோபர் 31 ஆம் திகதி பிராண்டன் பதவி விலகினார்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, ‘நம்மவர்’ என்னும் தகுதி ஆட்சித்திறனுக்கு உத்தரவாதமன்று. இரண்டாவது, ஆதரவாளரின் சினம் எப்போதும் வெற்றி தோல்வியை மட்டும் பற்றியதன்று. சீட்டு விலை பற்றிய முணுமுணுப்பு பல மாதங்கள் நீடித்தும் ஊர்வலமாக மாறவில்லை. ஒரு மாணவனின் உயிர்ப் பாதுகாப்புக் கேள்விக்குள்ளானபோதே மாறிற்று. எனினும், அதனையடுத்து எழுந்த ஊகங்களில் பழைய அளவுகோலே மேலோங்கிற்று. பிராண்டனுக்குப்பின் வந்த ஜிம் ஹக்கெட்டும், 2016 இல் வந்த வோர்ட் மனுவலும் மிச்சிகனின் முன்னாள் வீரர்களே.

டென்னசி: விரும்பியவர் வந்தபோது

2017 பெப்ரவரியில் டென்னசிப் பல்கலைக்கழகம் ஜோன் கறியைப் பணிப்பாளராகத் தெரிவுசெய்தது. அப்போது எழுந்த ஊகங்களில் முக்கிய இடம்பெற்றவர் பிலிப் புல்மர். அவர் அப்பல்கலைக்கழகத்தின் முன்னாள் வீரர். பயிற்றுநராக 1998 ஆம் ஆண்டின் தேசிய வாகையை ஈட்டிக் கொடுத்தவர். 2008 இல் அதே நிருவாகத்தால் நீக்கப்பட்டவர். ஆதரவாளரின் நெஞ்சில் அவர் நிலைத்திருந்தார்.

அவ்வாண்டு நவம்பர் 26 ஆம் திகதி கறி, கிரெக் ஷியானோ என்பவரை உதைபந்தாட்டப் பயிற்றுநராக நியமிக்கவிருந்த செய்தி பரவிற்று. சில மணித்தியாலங்களுக்குள் ஆதரவாளர் கிளர்ந்தெழுந்தனர். ஷியானோ மறுத்த, நிறுவப்படாத பழைய குற்றச்சாட்டொன்றும் அக்கிளர்ச்சியில் எடுத்தாளப்பட்டது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் சிலரும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். உடன்பாடு அன்றே கைவிடப்பட்டது. டிசெம்பர் 1 ஆம் திகதி கறி பொறுப்பினின்று விலக்கப்பட்டார், புல்மர் பணிப்பாளரானார். பெப்ரவரியில் அறையினுள் தோற்றவர் டிசெம்பரில் வீதியில் வென்றார் எனலாம்.

ஆனால் வரலாறு அங்கு முடிந்துவிடவில்லை. புல்மர் நியமித்த பயிற்றுநர் 2021 ஜனவரியில் விதிமீறல் விசாரணையின் நடுவே நீக்கப்பட்டார். அன்றே புல்மரின் ஓய்வும் அறிவிக்கப்பட்டது. பயிற்றுநர் குழாத்தினர் வீரர்களைச் சேர்ப்பதில் புரிந்த 18 பாரதூரமான விதிமீறல்களுக்காக 2023 ஜூலையில் தேசியச் சங்கம் பல்கலைக்கழகத்திற்கு 80 இலட்சம் டொலருக்கு மேல் அபராதம் விதித்தது. அடுத்த பணிப்பாளராக வந்த டனி வைற், மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைக்கப்பட்ட வெளியார்.

மக்கள் கிளர்ச்சி ஒருவரை நீக்க வல்லது. தக்கவரைத் தெரிய வல்லதன்று என இதனைக் கொண்டு முடிவுகட்டுவது அவசரமாகும். மூடிய அறைகளும் பல முறை தவறிழைத்துள்ளன. 2003 இல் ஓபர்ன் பல்கலைக்கழகத் தலைவரும் பணிப்பாளரும் செல்வாக்குமிக்க அறங்காவலர் ஒருவரின் வங்கிக்குரிய விமானத்தில் இரகசியமாகச் சென்று, பதவியிலிருந்த தம் பயிற்றுநருக்கு மாற்றாள் தேடினர். அது வெளிப்பட்டபின் தலைவர் பதவியிழந்தார். எனவே குறைபாடு திரளிடத்தும் உண்டு, அறையிடத்தும் உண்டு. பொறுப்புக்கூறும் முறை இல்லாமையே இரண்டிற்கும் பொதுவான குறைபாடு.

ஊகங்களில் இடம்பெறாதோர்

யாருடைய பெயர் ஊகிக்கப்படுகின்றது என்பதைப் போலவே, யாருடைய பெயர் ஊகிக்கப்படுவதில்லை என்பதும் ஆராயத்தக்கது. 1972 இல் கல்வியிற் பாற்பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியபோது, பெண்கள் விளையாட்டுத் திட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பெண்களாலேயே தலைமை தாங்கப்பட்டன. அச்சட்டத்தாற் பெண் வீரர் தொகை பன்மடங்கு பெருகிற்று. ஆனால் ஆண், பெண் துறைகள் இணைக்கப்பட்டபோது தலைமை பெரும்பாலும் ஆண்களிடமே சென்றது. 1975 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக சான் டியாகோ வளாகத்தில் இணைந்த துறைக்குத் தலைமையேற்ற ஜூடித் ஸ்வீற் ஒரு விதிவிலக்கு. 2017 இல் கார்லா வில்லியம்ஸ் வேர்ஜினியாப் பல்கலைக்கழகத்திற் பொறுப்பேற்கும் வரை, ஐம்பெருங் கூட்டமைப்புகளில் எப்பல்கலைக்கழகமும் ஆபிரிக்க-அமெரிக்கப் பெண் ஒருவரைப் பணிப்பாளராக்கியிருக்கவில்லை. உதைபந்தாட்டக் களத்து நினைவுகளிலிருந்து ‘நம்மவர்’ தேடப்படும்வரை, அக்களத்தில் அனுமதிக்கப்படாதோர் நம்மவராதல் எங்ஙனம்?

வீரர் நிலையும் அத்தகையதே. அவர்களின் உழைப்பிலேயே அரங்கும் ஒளிபரப்பும் பணிப்பாளரின் ஊதியமும் தங்கியுள்ளன. ஆயினும் நூற்றாண்டுக்கும் மேலாக அவர்கள் பேசப்படுவோராகவே இருந்தனர்; பேசுவோராக இருக்கவில்லை. 2021 ஜூலையில் தம் பெயராலும் உருவாலும் வருவாய் பெறும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் 2025-26 ஆண்டில் ஏறத்தாழ 2 கோடி 5 இலட்சம் டொலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம். அத்தொகையை எவ்வாட்டத்தினருக்கு எவ்வளவு பங்கிடுவது என்பதில் பணிப்பாளரின் தீர்மானம் பெரும் பங்கு வகிக்கின்றது. பணிப்பாளர் யார் என்னும் வினா வீரரின் வாழ்வுக்கு இத்துணை நெருக்கமாக முன்னெப்போதும் இருந்ததில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, ஆதரவாளர் ஊகம் இருவேறு இயல்புகளை உடையதெனக் கொள்ளலாம். அது மூடிய கதவைத் தட்டும் கையாகும், அவ்வகையில் மதிக்கத்தக்கது. மிச்சிகனில் ஒரு வீரரின் நலனைப் புறக்கணித்த நிருவாகத்தைக் கேள்வி கேட்டது அக்கையே. அதேவேளை, கதவு திறந்ததும் தனக்குப் பழகிய முகத்தையே உள்ளே அனுப்பிவிட்டு அமைதியடைவதும் அக்கையே. டென்னசி தரும் பாடம் இதுவே.

அடுத்து வருபவர் யார் என்று கேட்பது எளிது. வருபவர் யாருக்குப் பொறுப்புக்கூறுவார் என்று கேட்பது அரிது. 1852 இல் ஏரிக்கரையில் நின்ற மாணவருக்கு இவ்விரண்டாம் வினா எழவில்லை. ஏனெனில் படகும் துடுப்பும் அவர்களுடையவை. அவை கைமாறிய பின்னரே முதல் வினா பிறந்தது. பல்கலைக்கழகம் எதற்காக, யாருக்காக விளையாட்டை நடத்துகின்றது என்னும் அடிப்படைக்கு விடை காணாதவரை, பெயர்கள் மாறும், ஊகங்கள் தொடரும், பதவியின் இயல்பு மட்டும் மாறாதிருக்கும். வீரரும் மாணவரும் ஆசிரியரும் ஆதரவாளரும் தத்தம் இடத்தை ஐயமின்றி அறிந்து கேள்வி கேட்கும் முறையொன்று அமையும்போதே, பணிப்பாளர் நியமனம் பந்தயப் பொருளாக இருக்கும் நிலை நீங்கிக் கல்விசார்ந்த பொதுக் கடமையாக உயர்வு பெறும்.